மேட்டில் நின்றவள்

பிப்ரவரி மாதத்துக் கடைசி ஞாயிறு, மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு, நார்வே முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராக்னா எய்க்ரெமின் மானம் கப்பலேறியது.

உலகப் போட்டி. பெண்கள் பனிச்சறுக்கு ரிலே. அதுவும் சொந்த மண்ணில், ஸ்கார்வோஸ் மைதானத்தில். ஓடுகிற நாலு பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை; தங்கம் நமக்குத்தான் என்று காலையிலேயே கேக் வாங்கி வைத்துவிட்ட வீடுகள் உண்டு. கிடைத்தது ஏழாம் இடம். கடைசிச் சுற்று ஓடிய சூனிவா, பாவம், மேட்டில் ஏறும்போது கால் பின்னுக்கு வழுக்கி வழுக்கி நாலு தடவை முட்டி போட்டாள். கேமரா நாலையும் விடாமல் காட்டியது. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் அவள் மைக்கைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "என் காலுக்குக் கீழ பலகையே இல்ல."

பலகைகளுக்கு மெழுகு போடுவது ராக்னாவின் குழு. பத்துப் பேர், ஒரு பெரிய லாரி, அதற்குள் முந்நூறு ஜோடி சறுக்குப் பலகை. தலைவி அவள். மந்திரி பொய் சொன்னால் ஒரு வாரத்தில் மறந்துபோகிற ஜனங்கள்தான். மெழுகு தப்பினால் மட்டும் செத்தாலும் மறக்கமாட்டார்கள். நாற்பத்தொன்பது வயது, ஒன்பது வருஷ வேலை, எட்டுத் தங்கம். அப்பேர்ப்பட்ட கையில் இனிமேல் எவளாவது நம்பித் தன் பலகையைக் கொடுப்பாளா? அன்று சாயங்காலம் ஊரெல்லாம் இதுதான் பேச்சு.

உள்ளே நடந்தது முழுசாகத் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தான். தோர்கில் வோலன், ராக்னாவுக்கு அடுத்த ஆள். முப்பத்தெட்டு வயது, நல்ல உழைப்பாளி, பனியைத் தொட்டுப் பார்த்து அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவான். ஒரே குறை, சொல்ல வேண்டிய நேரத்தில் வாயில் கொழுக்கட்டை.

அன்று காலையில் சரியாகப் பூஜ்யம் டிகிரி, மேலே புதுப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. மெழுகு போடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. காலுக்கு நேர் கீழே பலகையில் தடவுகிற மெழுகுதான் மேட்டில் பிடிப்புக் கொடுக்கும். ஆனால் இப்படிப்பட்ட ஈரப் பனி அந்த மெழுகில் அடை அடையாக ஒட்டிக்கொள்ளும், ஒரு அடி நகர முடியாது. அதனால் மெழுகே போடாமல் அந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரவென்று தேய்த்துவிட்டு ஓடுவதும் உண்டு. உரசிய பலகை என்பார்கள். பனி ஈரமாக இருக்கிறவரைக்கும் உரசிய பலகை பறக்கும். கொஞ்சம் காய்ந்துவிட்டதோ, போச்சு, மேட்டில் ஒரு எட்டு வைத்தால் இரண்டு எட்டு பின்னால் வரும்.

ராக்னா இரண்டு விதமும் தயாராக வைத்திருந்தாள். கீழே மைதானத்தில் அவள். பாதையின் உச்சி மேட்டில், வாக்கி டாக்கியும் வெப்பமானியுமாகத் தோர்கில்.

போட்டிக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது காற்று வடக்கிலிருந்து அடிக்க ஆரம்பித்தது. தோர்கில் ஒரு பிடி பனியை அள்ளிக் கையுறைக்குள் அழுத்திப் பார்த்தான். காலையில் உருண்டையாகப் பிடித்த பனி இப்போது சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் கொட்டியது. வெப்பமானி ஒன்றரை டிகிரி இறங்கியிருந்தது. உரசிய பலகையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் பார்த்தான். மூன்றாவது எட்டிலேயே வழுக்கியது.

அதே நேரம் வாக்கி டாக்கியில் ராக்னா வந்தாள். "தோர்கில், கீழ உரசினது சும்மா பறக்குது. நாலு பேருக்கும் அதையே குடுக்கப் போறேன். மேல சரிதானே?"

அவன் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. முந்தின வருஷம் ஒரு போட்டியில் அவன் "வேண்டாம்" என்று சொல்லி, கடைசியில் ராக்னா சொன்னதே சரியாகிப்போய், லாரியில் இருந்தவர்கள் ஒரு மாசம் அவனை "வானிலை சாமி" என்று கூப்பிட்டு உயிரை எடுத்தார்கள். ராக்னாவும் சேர்ந்து சிரித்தாள். அது ஞாபகம் வந்தது. மேகம் வந்து மூடினால் குளிர் குறைந்து பனி மறுபடி ஈரமாகிவிடுமே, அவளுக்குத் தெரியாததா, நாம் யார் சொல்ல என்று வரிசையாகச் சமாதானங்களும் வந்தன.

"சரிதான்," என்றான்.

அந்த ஒரு சொல்லால்தான் ஏழாம் இடம்.

போட்டி கவிழ்ந்தால் மெழுகுக் குழுவின் தலைவர் கேமரா முன்னால் வந்து நிற்பது அங்கே வழக்கம். சட்டம் இல்லை, வழக்கம்தான். லாரிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு, வயிற்றுவலி என்று ஹோட்டலுக்கு ஓடியவர்களும் உண்டு. ராக்னா தொப்பியைச் சரி செய்துகொண்டு நேராக நடந்தாள். தோர்கில் மேட்டிலிருந்து இறங்கி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"பலகையைத் தேர்ந்தெடுத்தது நான். தப்பு என்னோடது. பொண்ணுங்க நல்லாத்தான் ஓடினாங்க. நான்தான் அவங்களை வெறுங்காலோட அனுப்பின மாதிரி அனுப்பிட்டேன்."

"மேல பனியைச் சரிபார்க்க ஆள் இருந்தாங்களே, அவங்க என்ன சொன்னாங்க?" என்று நிருபர் கிளறினார்.

"என் குழு நல்ல குழு. முடிவு என்னோடது. வேற கேள்வி இருக்கா?"

வேறு கேள்வி இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தோர்கில் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலே வர்ணனைப் பெட்டியில் உட்கார்ந்து, "இது சுத்தமான மெழுகுத் தோல்வி" என்று நாட்டுக்கே அறிவித்தவன் அஸ்லாக். இருபத்தொரு வருஷம் ராக்னாவின் புருஷனாக இருந்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன். அவன் வேலையை அவன் செய்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் கேட்டவர்களுக்கு வயிறு எரிந்தது. லாரியில் ஒருத்தன் அஸ்லாக்கை வாய்க்கு வந்தபடி திட்ட, ராக்னாதான் அடக்கினாள்.

"விடுடா. இருபத்தொரு வருஷத்துல அவன் சரியாச் சொன்னது இந்த ஒண்ணுதான்."

ராக்னாவும் தோர்கிலும் ஒரே ஊர்க்காரர்கள். லவ்டால் சின்ன ஊர், ஒரே ஒரு கடை. செவ்வாய்க்கிழமை தோர்கில் அங்கே நின்றிருந்தபோது ராக்னா கூடையோடு உள்ளே வந்தாள். இவன் சட்டென்று ரொட்டி அலமாரிக்குப் பின்னால் பதுங்கினான். நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

கடைக்காரர் யோஸ்தைனுக்கு வாய் நீளம். "வாங்க ராக்னா! வெண்ணெய் வேணுமா? பலகைக்குத் தடவ?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திடீரென்று தரையை ஆராய ஆரம்பித்தார்கள்.

"குடுங்க," என்றாள் ராக்னா. "உப்புப் போட்டதாக் குடுங்க. ஞாயித்துக்கிழமை உப்பில்லாததைத் தடவித்தான் இந்தக் கதி."

கடை மொத்தமும் கொல்லென்று சிரித்தது. யோஸ்தைன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் நிதானமாகச் சாமான்களைப் பையில் அடுக்கினாள், ஒருத்தரிடம் இடுப்புவலி விசாரித்தாள், இன்னொருத்தரிடம் நாய் குட்டி போட்ட விஷயம் கேட்டாள், போய்விட்டாள். தப்புப் பண்ணியவன் ரொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்க, பழியைச் சுமந்தவள் நடுக்கடையில் நின்று நாய்க்குட்டி விசாரிக்கிறாள். தோர்கிலுக்குத் தன்னை நினைத்தால் வெட்கமாக இருந்தது, அவளை நினைத்தால் மலைப்பாக இருந்தது.

மார்ச் கடைசியில் பனிச்சறுக்குச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ராக்னாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, தலைமைப் பதவிக்கு விண்ணப்பம் வரவேற்கப்படுகிறது. லாரிக்காரர்கள் எல்லோரும் தோர்கிலைப் பிடித்து உலுக்கினார்கள். "நீ போடலேன்னா எவனோ வெளியாள் வந்து நம்ம தலையில உக்காருவான்." அவனும் போட்டுவிட்டான். போட்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறையில் ஊரே மலைமேல் இருந்தது. ஊர்க்காரர்களைப்போல ராக்னாவும் பலகைகளைப் பனியில் குத்தி நிறுத்தி, அதில் சாய்ந்துகொண்டு, வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தோர்கில் தேடிக் கண்டுபிடித்து அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"விண்ணப்பம் போட்டிருக்கியே, அதுவா? தெரியும். நல்லதுதான். நானும் போட்டிருக்கேன்."

"என்னது? உங்க வேலைக்கு நீங்களேவா?"

"ஏன், கூடாதா? எனக்கு அந்த வேலையில ஒன்பது வருஷ அனுபவம் இருக்கு." அவளே சிரித்துக்கொண்டாள். "உக்காரேன். நின்னுக்கிட்டே வெயிலை மறைக்கிறே."

அவன் உட்காரவில்லை. "அது இல்ல ராக்னா. ஸ்கார்வோஸ்ல, அன்னிக்கு மேல... எனக்குத் தெரியும். பனி காஞ்சிடுச்சு. மூணாவது எட்டுலயே எனக்கு வழுக்குச்சு. நீங்க கேட்டப்ப நான் சரின்னுட்டேன்."

ராக்னாவின் கை நிற்கவில்லை. தோலை முழுசாக உரித்து முடித்தாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"வெப்பமானி நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவு பண்ணுமேடா. அன்னிக்குச் சாயங்காலமே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"ஏனா?" அவள் ஆரஞ்சை மடியில் வைத்தாள். "மூணு நாள் உன்மேல அப்படி ஒரு கோபம். கையில கிடைச்சிருந்தா அடிச்சே இருப்பேன். அழுதேன் வேற. புருஷன் போனப்பகூட அப்படி அழல. நாலாவது நாள் காலையில பயங்கரமாப் பசிச்சுது. எழுந்து முட்டை பொரிச்சேன். சாப்பிட்டுக்கிட்டே யோசிச்சேன், இவன் திருட்டுப்பய இல்லையே, சோம்பேறி இல்லையே, ஏன் வாயைத் திறக்கல? அப்பதான் அந்த வானிலை சாமிக் கூத்து ஞாபகம் வந்துது. நானும் சேர்ந்துதானே இளிச்சேன்? என்கூட வேலை பார்க்கிறவனுக்கு என்கிட்ட வேண்டாம்னு சொல்லப் பயம்னா அது யார் தப்பு? அதுக்கப்புறம் அந்த லாரியில ஒருத்தன்கூட என்னை மறுத்துப் பேசல தோர்கில். எல்லாரும் என்னை மதிக்கிறாங்கன்னு நினைச்சுக்கிட்டு நான் திரிஞ்சிருக்கேன்."

தோர்கிலுக்கு ஒன்று புரிந்தது. கடையில் வெண்ணெய்க்குப் பதில் சொன்னாளே, அது அந்த மூன்று நாளைக்குள்தான். வீட்டில் அழுது முகம் கழுவிவிட்டுத்தான் கடைக்கு வந்திருக்கிறாள்.

"அப்ப என் தப்பு ஒண்ணுமே இல்லையா?"

"யார் சொன்னா? உன் தப்பு உன் தப்புதான். அதை நீ பார்த்துக்கோ, எனக்கு என்னோடது போதும். இந்தா, ஆரஞ்சு சாப்பிடு. பேயறைஞ்ச மாதிரி நிக்காதே."

மே மாதம் ஓஸ்லோவில் நேர்காணல். பத்து மணிக்கு ராக்னா, பதினோரு மணிக்குத் தோர்கில். அவள் வெளியே வரும்போது இவன் நடைவழியில் டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "உள்ள காபி குடுப்பாங்க, குடிச்சுடாதே, கேவலமா இருக்கு," என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். போட்டிக்கு வந்தவனிடம் பேசுகிற மாதிரியே இல்லை.

உள்ளே சங்கத்து அதிகாரி ஊட்வார் நடுவில். பக்கத்தில் வீராங்கனைகளின் சார்பாகச் சூனிவா. மேசைமேல் பதினோரு பக்க அறிக்கை ஒன்று கிடந்தது. ஸ்கார்வோஸில் எது எது எப்படித் தப்பியது என்று ராக்னா எழுதிக் கொண்டுவந்தது.

ஊட்வார் கேள்வி கேட்க வாயெடுப்பதற்குள் சூனிவா முந்திக்கொண்டாள். "மேலேருந்து எச்சரிக்கை வரலை, அப்படி ஒரு பழக்கத்தை நான் வளர்க்கலைன்னு இதுல எழுதியிருக்காங்க. மேல நின்னது நீங்க. பனி காஞ்சது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் தோண்டப் போவதில்லை.

"தெரியும்," என்றான்.

சூனிவாவின் முகம் சிவந்தது. "தெரியுமா? நாலு தடவை முட்டி போட்டேன்! ஊர் உலகமே பார்த்துது! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

"வரலை."

"இப்ப மட்டும் எப்படி வந்துது?"

"ஒளிஞ்சு ஒளிஞ்சு அலுத்துப்போச்சுங்க."

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டாள். மிச்சக் கேள்விகளை ஊட்வார் கேட்டார், தோர்கில் ஏதோ பதில் சொன்னான். வேலை கைவிட்டுப் போனது என்று முடிவு கட்டிக்கொண்டு ரயிலேறினான். ஆச்சரியம், மனசு இறகு மாதிரி இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஊட்வார் போன் பண்ணினார். "வேலை உனக்குத்தான். ரொம்பக் குதிக்காதே. ராக்னாதான் நல்லாப் பேசினா, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா மேலிடத்துக்குப் புது முகம் வேணுமாம். அந்தப் புது முகம் நீ."

"சூனிவா என்ன சொன்னாங்க?"

"உனக்கும் கை தூக்கல, ராக்னாவுக்கும் தூக்கல. யார் வந்தாலும் இனி என் பலகையை நானேதான் பார்த்துக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டா."

அநியாயம்தான். தோர்கிலுக்கே அது அநியாயம் என்று தெரிந்தது. ராக்னா பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனான். அஸ்லாக் போன பிறகு பெரிய வீட்டை விட்டுவிட்டு, ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைக்குக் குடி வந்திருந்தாள். சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான்.

தூரிகை நின்றது. அவள் அதை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தாள். பெயின்ட் ஒரு சொட்டு வழிந்து தரையில் விழுந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

"வலிக்குதுடா," என்றாள். "அந்த வேலை எனக்கு வேணும்னு இருந்துது. ரொம்ப வேணும்னு இருந்துது."

தோர்கிலுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இவ்வளவு நேராக ஒருத்தர் தன் வலியைச் சொல்லி அவன் கேட்டதில்லை. அவன் ஊரில் இதயமே நின்றாலும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள்.

பிறகு அவள் முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, வாழ்த்துகள். நல்லாப் பண்ணு. ஆமா, நீ தலைவனாயிட்டா உன் பழைய வேலை காலியாயிடுமே? மேட்டு வேலை. அதுக்கு விண்ணப்பம் எப்ப வரைக்கும்?"

"விளையாடாதீங்க."

"யார் விளையாடுறா?"

"நீங்க எனக்குக் கீழ வேலை பார்க்கிறதா? ஊர் என்ன பேசும்?"

"ஊர் பேசறதையெல்லாம் பேசி முடிச்சாச்சு. இனிமே என்னைப் பத்திப் புதுசாப் பேச அதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல." தூரிகையை மறுபடி எடுத்தாள். "எனக்குப் பனியைப் படிக்கத் தெரியும் தோர்கில். கடிதாசி அனுப்பி அதை எங்கிட்டேருந்து பிடுங்க முடியாது. ஆனா ஒண்ணு, நீ கேக்கலேன்னாலும் நான் பேசுவேன். சம்மதம்னா சொல்லு, இல்லேன்னா கதவை மெதுவாச் சாத்திட்டுப் போ, பெயின்ட் ஈரம்."

சம்மதம் என்றான்.

நவம்பரில் பருவம் தொடங்கியபோது பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். தலைவியாக இருந்தவள் முதுகில் பையைப் போட்டுக்கொண்டு மேடேறுகிற படத்தை முதல் பக்கத்தில் போட்டார்கள். லாரியில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தன் அவளைப் பார்த்து இளித்தான். அவள் அவனிடம் உப்புத்தாள் எங்கே இருக்கிறது என்று கேட்டாள், அவனுக்குத் தெரியவில்லை, அவளே எடுத்துக் காட்டினாள். அதற்குப் பிறகு அவன் இளிக்கவில்லை. தோர்கில் சொல்கிற வேலையை அவள் முகம் சுளிக்காமல் செய்தாள். நடிப்பு ஒன்றும் இல்லை, வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் சூனிவா மட்டும் அவள் தொட்ட பலகையைத் தொடவில்லை. தன் பலகையைத் தானே சோதித்துத் தானே எடுத்துக்கொண்டாள். ராக்னா அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அது மட்டும் அவளை உறுத்துகிறது என்று தோர்கிலுக்குத் தெரியும்.

பருவத்தின் முதல் ரிலே. எங்கே? அதே ஸ்கார்வோஸ். அன்றைக்கு என்ன? பூஜ்யம் டிகிரி, புதுப்பனி. கடவுளுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது என்று தோர்கில் பல்லைக் கடித்தான். கீழே உரசிய பலகை பறந்தது. சோதித்த நாலு பேரும் அதையே சொன்னார்கள். ஓடுகிற பெண்கள் உரசிய பலகையை மாட்டிக்கொண்டு உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். போட்டிக்குப் பன்னிரண்டு நிமிஷம்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "தோர்கில், மாத்து. மெழுகு போட்டதைக் குடு."

"கீழ உரசினது பறக்குது ராக்னா."

"மேல காய ஆரம்பிக்குது."

"எவ்வளவு காய்ஞ்சிருக்கு?"

"இப்ப கொஞ்சம்தான். இவங்க மேட்டுக்கு வரும்போது நிறையக் காய்ஞ்சிருக்கும்."

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது. பத்துக்கு ஆறுதான் சொல்லுவேன். மேகம் வந்துடுச்சுன்னா நான் சொன்னது தப்பாயிடும், உன் பேரும் என் பேரும் சேர்ந்து நாறும். ஆனாலும் சொல்றேன். மாத்து."

இத்தனை வருஷமாகத் தோர்கில் நினைத்திருந்தது வேறு. துணிச்சலாகப் பேசுகிறவர்களுக்கெல்லாம் நூற்றுக்கு நூறு தெரிந்திருக்கும், தெரியாததால்தான் தனக்கு வாய் வரவில்லை என்று நம்பியிருந்தான். இவளுக்கும் தெரியாது. ஒரு தடவை நாடே பார்க்கத் தோற்றவள், இன்னொரு தடவை தோற்றால் எழுந்திருக்கவே முடியாது என்று தெரிந்தவள், பத்துக்கு ஆறை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பேசுகிறாள்.

"எல்லாத்தையும் மாத்துங்க!" என்று கத்தினான். "மெழுகு! நாலு பேருக்கும்!"

லாரி அல்லோலகல்லோலப்பட்டது. மூன்று பெண்கள் மாற்றிக்கொண்டார்கள். சூனிவா அசையவில்லை.

"மேலேருந்து ராக்னாவா சொல்றாங்க?"

"ஆமா."

"நிச்சயமாத் தெரியுமாமா?"

பொய் சொன்னால் அவள் மாற்றிக்கொள்வாள். "இல்ல. பத்துக்கு ஆறுன்னு சொல்றாங்க."

சூனிவா மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். காற்று கிளப்பிய பனித்தூளில் உச்சி தெரியவே இல்லை. பிறகு குனிந்து, உரசிய பலகையைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, காலை நீட்டினாள்.

"போடுங்க," என்றாள்.

மேகம் வரவில்லை. இரண்டாவது சுற்றிலேயே ஸ்வீடன்காரியும் ஃபின்லாந்துக்காரியும் மேட்டில் பக்கவாட்டில் கால் வைத்துத் தத்தித் தத்தி ஏற ஆரம்பித்தார்கள். கடைசிச் சுற்றில் சூனிவா அதே மேட்டில் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறினாள். உச்சியில் சிவப்புச் சட்டையோடு நின்ற ராக்னாவைக் கடக்கும்போது கையிலிருந்த ஊன்றுகம்பை ஒரு கணம் தூக்கிக் காட்டினாள். டிவியில் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் புரிந்திருக்காது. பத்தொன்பது வினாடி வித்தியாசத்தில் முதலிடம். வர்ணனைப் பெட்டியில் அஸ்லாக், "ராக்னா எய்க்ரெம்" என்ற பேரை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை குரல் கம்மியது என்கிறார்கள். அது அவன் பாடு.

தோர்கில் வாக்கி டாக்கியை எடுத்தான். "கீழ வாங்க ராக்னா. கேமராக்காரங்க கேக்கிறாங்க."

"எனக்கும் கேமராவுக்கும் நல்ல பழக்கம் உண்டு. உனக்குத்தான் பழக்கமில்ல. நீ போய் நில்லு."

போய் நின்றான். போன தடவை கேட்ட அதே நிருபர்தான் இருந்தார்.

"பிப்ரவரியில இதே இடம், இதே பனி, ஏழாவது. இன்னிக்கு முதலிடம். என்னத்தை மாத்தினீங்க?"

"மேட்டுல நிக்கிற ஆளை," என்றான் தோர்கில். "போன தடவை அங்க நின்னது நான். பனி காஞ்சது எனக்குத் தெரியும். ராக்னா கேட்டாங்க, நான் சரின்னு சொல்லிட்டேன். அவங்க உங்க முன்னால வந்து நின்னு பழி முழுக்கத் தன்மேல போட்டுக்கிட்டாங்க, நான் உங்க பின்னால நின்னு பூட்ஸைப் பார்த்துக்கிட்டிருந்தேன். இந்தத் தடவை மேட்டுல அவங்க நின்னாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

நேரடி ஒளிபரப்பு, நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. நிருபர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் தோர்கிலின் நெஞ்சுப்பையில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"தோர்கில், காத்து மேற்கே திரும்பிடுச்சு. மேகம் வருது, அரை டிகிரி ஏறியிருக்கு. நாளைப் போட்டிக்கு உதவும், குறிச்சுக்கோ."

அவன் கேமராவுக்கு எதிரிலேயே கையுறையைக் கழற்றி, பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டான்.